கார்டைனின் மூன்று கட்டளைகள்: கத்தோலிக்கப் பள்ளி மன்றங்கள் எதற்காகத் தோன்றின?

கல்வியாண்டு தொடங்கிய சில வாரங்களிலேயே கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளில் மன்றங்களுக்கு ஆள் சேர்க்கும் வேலை தொடங்கிவிடுகிறது. தமிழ் இலக்கிய மன்றம், சாரணர் படை, இளஞ்செஞ்சிலுவைச் சங்கம் ஆகியவை எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவானவை. நற்கருணை வீரர் சபை, மரியாயின் சேனை, பாடகர் குழு, பீடச் சிறார் குழு ஆகியவை கத்தோலிக்கப் பள்ளிகளுக்கே உரியவை. இந்த வரிசையில் சற்றே வேறுபட்ட ஒன்றும் உண்டு. அது இளங்கிறிஸ்தவ மாணவர் இயக்கம். பிற சமயத்து மாணவர்களும் சேரும் வகையில் இளம் மாணவர் இயக்கம் என்ற இணைப்பெயரையும் இந்தியாவில் அது தாங்கியுள்ளது. அதன் கூட்டங்களில் மாணவர்களுக்கு மூன்று கட்டளைகள் சொல்லித்தரப்படுகின்றன: பார், ஆய்ந்து தீர்ப்பிடு, செயல்படு.

இம்மூன்றையும் உலகுக்குத் தந்தவர் பெல்சியம் நாட்டுக் குருவாகிய ஜோசப் கார்டைன். அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. பள்ளி வளாகங்களில் சாதி மீண்டும் கத்தியெடுத்து நிற்கும் இக்காலத்தில் அவருடைய வாழ்க்கையைத் தலித் கண்கொண்டு மீண்டும் வாசிக்க வேண்டும் என்று கருதுகிறோம். மாணவர் மன்றம் என்பது ஆண்டு விழாவுக்கான அலங்காரம் அன்று என்பதே அந்த வாழ்க்கை சொல்லும் செய்தி. ஒடுக்கப்பட்டவர் தம் நிலையைத் தாமே ஆராய்ந்து, தாமே பேசி, தாமே மாற்றக் கற்றுக்கொள்ளும் முதல் களம் அது.

கரி வணிகரின் மகன்

கார்டைன் 1882ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் புருசெல்சு நகரை ஒட்டிய சார்பேக்கில் பிறந்தார். எளிய உழைக்கும் குடும்பம். பின்னர் குடும்பம் ஆலைகள் சூழ்ந்த ஆல் என்னும் சிற்றூரில் குடியேறியது. தந்தை கரி விற்றுப் பிழைத்தார். அக்காலப் பெல்சியத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குத் தொடக்கப் பள்ளியோடு படிப்பு முடிந்துவிடும். அதன் பின் ஆலைச் சங்கு ஊதும் நேரத்துக்கு எழுந்து ஓட வேண்டியதுதான்.

பள்ளி முடிந்து ஆலைக்குச் செல்ல வேண்டிய வயது அவருக்கும் வந்தது. ஓர் இரவு அவர் வெறுங்காலோடு மாடியிலிருந்து இறங்கி வந்து, தாம் குருவாக விரும்புவதாகவும் மேலே படிக்க வேண்டும் என்றும் தந்தையிடம் கேட்டார். உழைத்துத் தளர்ந்த பெற்றோர், மகனின் வருமானத்தை எதிர்பார்த்திருந்தவர்கள், இன்னும் கூடுதலாக உழைத்து அவரைப் படிக்கவைக்க முடிவுசெய்தனர். இந்த நிகழ்வைக் கார்டைன் வாழ்நாள் முழுதும் நினைவுகூர்ந்தார். சேரிகளிலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்க வந்த எவருக்கும் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஒரு பிள்ளையின் புத்தகப் பைக்குப் பின்னால் எத்தனை பேருடைய ஓய்வு விற்கப்பட்டிருக்கிறது என்பதை நம் வீடுகள் அறியும்.

ஒரே வகுப்பு, இரண்டு பாதைகள்

1897ஆம் ஆண்டு மெக்கலன் நகரின் இளங்குருமடத்தில் அவர் சேர்ந்தார். விடுமுறைக்கு ஊர் திரும்பியபோது முதல் அடி விழுந்தது. உடன் படித்து, உடன் விளையாடிய தோழர்கள் ஆலைத் தொழிலாளர்களாகியிருந்தனர். அவரைக் கண்டதும் முகம் திருப்பினர். அவர்கள் கண்ணுக்கு அவர் முதலாளிகள் பக்கம், திருச்சபையின் பக்கம் போய்விட்டவர். சில ஆண்டுகளுக்கு முன் அதே பள்ளியில், அதே கோயிலில் நின்ற பிள்ளைகளை ஆலை இவ்வளவு விரைவில் இப்படி மாற்றிவிட்டது எப்படி என்ற கேள்வி அவரை விடவில்லை.

அவர் அந்தத் தோழர்களைப் பழிக்கவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. அவர்கள் கெட்டுப்போனார்கள் என்று மறையுரை ஆற்றிவிட்டுப் போயிருக்கலாம். அவரோ, அவர்களை அந்நிலைக்குத் தள்ளிய வேலை நேரத்தையும் கூலியையும் அவமதிப்பையும் நோக்கித் தம் கேள்வியைத் திருப்பினார். 1903ஆம் ஆண்டு தந்தை இறந்தார். உழைத்து உழைத்தே தேய்ந்துபோன அந்த உடலருகே நின்று, தம் வாழ்வு தொழிலாளர்க்கே என்று உறுதி பூண்டார். 1906ஆம் ஆண்டு குருவானார்.

பள்ளிப்பருவத்துப் பிரிவினையால் உருவான தலைவர்கள் நம் வரலாற்றிலும் உண்டு. இரட்டைமலை சீனிவாசன் கோவையில் பயின்றபோது ஏறத்தாழ 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர் அனைவரும் பிராமணர். தம் சாதியும் வீடும் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில், மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துவிட்டு, வகுப்பு முடிந்ததும் பிறர் நெருங்கும் முன்னே விரைந்து வீடு சேர்வார். மற்றப் பிள்ளைகளோடு கூடி விளையாட இயலாத ஏக்கத்தைத் தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே பதிவுசெய்துள்ளார். வகுப்பறை அவருக்குத் திறந்திருந்தது. விளையாட்டுத் திடல் மூடியிருந்தது. கூடிப் பழகும் உரிமை மறுக்கப்பட்ட அந்த மாணவர்தான் பிற்காலத்தில் 1891இல் பறையர் மகாசன சபையையும் 1893இல் பறையன் இதழையும் நிறுவினார். பாடவேளைக்கு வெளியே உள்ள நேரம் அற்பமானது என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு வாழ்க்கையே போதிய விடை.

தையல் பெண்களிடமிருந்து தொடங்கிய முறை

குருவான பின் லூவன் பல்கலைக்கழகத்தில் சமூக அறிவியல் கற்ற கார்டைன், சில ஆண்டுகள் பாசு வாவர் இளங்குருமடத்தில் ஆசிரியராக இருந்தார். விடுமுறைகளில் செருமனிக்கும் இங்கிலாந்துக்கும் சென்று தொழிற்சங்கங்கள் இயங்கும் விதத்தைக் கண்டறிந்தார். 1912ஆம் ஆண்டு புருசெல்சின் லாக்கன் பங்குக்கு உதவிக் குருவாக அனுப்பப்பட்டார். அங்குப் பெண்களிடையே பணியாற்றும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது.

தையற்கூடங்களிலும் ஆலைகளிலும் வேலைபார்த்த இளம்பெண்களைச் சிறு குழுக்களாகக் கூட்டினார். அவர்களுக்கு அவர் சொற்பொழிவு ஆற்றவில்லை; கேள்விகளைக் கொடுத்தனுப்பினார். எத்தனை மணிக்கு வேலை தொடங்குகிறது, எவ்வளவு கூலி, யார் திட்டுகிறார், புதிதாக வந்த சிறுமியை யார் எப்படி நடத்துகிறார் என்று அவர்களே விசாரித்து எழுதிவர வேண்டும். அடுத்த கூட்டத்தில் அந்த உண்மைகளை நடுவில் வைத்து, இது நியாயமா என்று பேச வேண்டும். பேசி முடித்தபின் அந்த வாரத்துக்குள் செய்யத்தக்க ஒரு காரியத்தையேனும் முடிவுசெய்து எழுந்திருக்க வேண்டும். பார், ஆய்ந்து தீர்ப்பிடு, செயல்படு என்னும் முறை இவ்வாறு உழைக்கும் சிறுமிகளின் குறிப்பேடுகளிலிருந்து வளர்ந்தது. அரைநூற்றாண்டு கழித்து, 1961ஆம் ஆண்டு திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் தம் சமூகச் சுற்றுமடலில் அந்த முறையைத் திருச்சபையின் முறையாகவே ஏற்றுக்கொண்டார்.

வழக்குரைஞர்களாகிய எங்களுக்கு இந்த முறை புதிதன்று. ஒரு வன்கொடுமை நிகழ்ந்ததும் உண்மை அறியும் குழு முதலில் களத்துக்குச் செல்கிறது. பிறகு கண்டதைச் சட்டத்தோடு பொருத்துகிறது. பிறகே மனுவோ வழக்கோ போராட்டமோ வருகிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகளும், தகவல் கிடைத்ததும் உயர் அலுவலர் நேரில் சென்று நிகழ்விடத்தைப் பார்க்க வேண்டும் என்றே தொடங்குகின்றன. பாராமல் தீர்ப்பிடுவது தவறு. பார்த்தும் செயல்படாதிருப்பது குற்றம். பதினான்கு வயதில் ஒரு பிள்ளைக்கு இதைக் கற்றுத்தரும் மன்றம் ஒரு குடிமகனை உருவாக்கிவிடுகிறது.

சிறையும் பிளவுக் குற்றச்சாட்டும்

முதல் உலகப் போரில் பெல்சியத்தைக் கைப்பற்றிய செருமானியப் படை, தொழிலாளர்களைக் கட்டாய வேலைக்காக நாடு கடத்தியது. அதை எதிர்த்துப் பேசியதற்காகக் கார்டைன் 1916ஆம் ஆண்டு சிறைப்பட்டார். போர் முடியும் முன் மீண்டும் ஒருமுறை சிறை சென்றார். போருக்குப் பின் பெர்னான் தொன்னே, பால் கார்சே, சாக் மீர்ட் ஆகிய இளைஞர்கள் அவரோடு இணைந்தனர். 1919ஆம் ஆண்டு தொடங்கிய இளந்தொழிற்சங்க முயற்சி, 1924ஆம் ஆண்டு இளங்கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் என்ற பெயரைப் பெற்றது.

எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. வசதி படைத்த இளைஞர்களின் தலைமையில் ஏற்கெனவே இயங்கிய கத்தோலிக்க இளைஞர் சங்கம், இவர் நம்மைப் பிளவுபடுத்துகிறார் என்று குற்றஞ்சாட்டியது. எல்லாரும் கத்தோலிக்கர்தாமே, தொழிலாளர்களுக்கு மட்டும் தனி இயக்கம் எதற்கு என்பது அவர்களின் வாதம். கர்தினால் மெர்சியேவும் தயங்கினார். 1925ஆம் ஆண்டு கார்டைன் நேராக உரோமைக்குச் சென்று திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதரைச் சந்தித்து ஆதரவு பெற்றுத் திரும்பினார்.

இந்த வாதத்தை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! எல்லாரும் கிறிஸ்தவர்தாமே, தலித் கிறிஸ்தவர் என்று தனியே எதற்கு? எல்லாரும் மாணவர்தாமே, பள்ளியில் சாதியைப் பற்றி ஏன் பேச வேண்டும்? பிளவு ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பெயர் சொல்லி அழைப்பவரைப் பிளவு செய்பவர் என்பது, நோயைக் கண்டறிந்தவரை நோய்க்குக் காரணம் என்பதைப் போன்றது. தொழிலாளர்களிடையே தொழிலாளர்களே தலைமை ஏற்க வேண்டும், மேலிருந்து வரும் இரக்கம் விடுதலை ஆகாது என்ற நிலையிலிருந்து கார்டைன் இறுதிவரை இறங்கவில்லை.

அதே காலத்தில், 1924ஆம் ஆண்டு சூலையில் பம்பாயில் அண்ணல் அம்பேத்கர் பகிசுகிருத இதகாரிணி சபையை நிறுவினார். கற்பித்தல், கிளர்ச்சி செய்தல், ஒன்றுசேர்தல் என்ற மூன்று கட்டளைகள் அந்தச் சபைக்கு அடையாளமாயின. 1925இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறக்கப்பட்டது. அவ்விடுதி மாணவர்கள் சரசுவதி விலாசு என்ற மாத இதழை நடத்தினர். பம்பாயில் இலவச வாசிப்பு அறையும் மகர் ஆக்கிக் கழகமும் இயங்கின. பாடப்புத்தகத்துக்கு வெளியே உள்ள நேரத்தை அம்பேத்கர் எவ்வளவு முக்கியமாகக் கருதினார் என்பதற்கு அந்த இதழும் ஆக்கி மட்டையுமே சான்று. புருசெல்சும் பம்பாயும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே முடிவுக்கு வந்தன. ஒடுக்கப்பட்டோர் தமக்கென்று கூடும் இடம் இல்லாமல் அவர்களுக்குக் குரல் பிறப்பதில்லை.

ஆலையிலிருந்து பள்ளிக்கு

தொழிலாளர் இயக்கத்தின் வடிவத்தில் மாணவர்களுக்கான அமைப்புகளும் விரைவில் எழுந்தன. 1929ஆம் ஆண்டு பிரான்சில் கிறிஸ்தவ மாணவர் இயக்கம் தொடங்கியது. 1946ஆம் ஆண்டு பன்னாட்டு இளங்கிறிஸ்தவ மாணவர் இயக்கம் உருவானது. இலத்தீன் அமெரிக்காவில் இந்த முறையே அடித்தளக் கிறிஸ்தவ சமூகங்களுக்கும் விடுதலை இறையியலுக்கும் வழிவகுத்தது. இந்தியாவின் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் அது வந்து சேர்ந்தது.

கார்டைன் விலை கொடுக்காமல் இதைச் சாதிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில், 1942ஆம் ஆண்டு நாசிக் காவல் படை அவரைக் கைதுசெய்து மாதக்கணக்கில் சிறைவைத்தது. அவர் உயிர் தப்பினார். அவருடைய முதல் தோழர்களான தொன்னேயும் கார்சேயும் 1945ஆம் ஆண்டு தாக்கவ் வதைமுகாமில் மாண்டனர். 1957ஆம் ஆண்டு உலகின் பல நாடுகளிலிருந்து 30,000க்கும் மேற்பட்ட இளந்தொழிலாளர்கள் உரோமையில் கூடியபோது, கரி வணிகரின் மகனுக்கு வயது 74. 1965ஆம் ஆண்டு அவர் கர்தினாலாக உயர்த்தப்பட்டு, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இறுதி அமர்வில் பங்கேற்றார். 1967ஆம் ஆண்டு சூலை 24ஆம் நாள் லூவனில் காலமானார். தையல் பெண்களின் குழுக்களைத் தொடங்கிய அதே லாக்கன் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டார்.

பெண்ணாடத்தில் கார்டைன் எதைப் பார்த்திருப்பார்?

கார்டைனின் பார்வைக்கும் எல்லை உண்டு. அவர் கண்டது வர்க்கத்தை. பிறப்பிலேயே ஒட்டி, இறந்தபின் கல்லறைத் தோட்டம்வரை தொடரும் சாதியை அவருடைய பெல்சியம் அறியாது. எனவே அவருடைய முறையை இங்கு இறக்குமதி செய்து ஏழை, பணக்காரர் என்று பேசி முடித்துவிட்டால் பாதி உண்மையே கிடைக்கும். ஆனால் முறை அவருடையதாயினும், பார்க்கும் கண் நம்முடையதாக இருக்க எந்தத் தடையும் இல்லை.

வெள்ளாற்றங்கரையில் உள்ள பெண்ணாடத்தின் வாழ்வு கரும்பு வயலோடும் இறையூர்ச் சர்க்கரை ஆலையோடும் பிணைந்தது. அருகே விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை. கரும்பு வெட்டும் கையும் களிமண் பிசையும் கையும் எந்தத் தெருக்களிலிருந்து வருகின்றன என்பதை இவ்வட்டாரத்தில் எந்த மாணவரும் ஒரு வாரத்தில் கணக்கெடுத்துவிடலாம். கார்டைன் இங்கு ஒரு மாணவர் மன்றத்தைக் கூட்டியிருந்தால் என்ன கேள்விகளைக் கொடுத்தனுப்பியிருப்பார்? உன் வகுப்பில் இடையில் நின்ற மாணவர் யார், அவர் இப்போது எந்தச் சூளையில் நிற்கிறார்? ஆண்டு விழாவில் மேடையில் பேசுபவர் யார், நாற்காலி சுமப்பவர் யார்? மன்றச் செயலாளர் பதவி எந்தத் தெருவைத் தாண்டி வந்ததில்லை? பாடகர் குழுவிலும் விளையாட்டு அணியிலும் யாரெல்லாம் இருக்கிறார்கள்? மாலைப் பயிற்சி முடிந்தபின் கடைசிப் பேருந்து எந்தக் காலனிக்கு இல்லை?

கடைசிக் கேள்வி சிறியதாகத் தோன்றலாம். மாலை ஐந்து மணிக்குப் பின் நடக்கும் எந்த மன்றமும், ஊர் எல்லைக்கு அப்பால் நடந்து செல்ல வேண்டிய தலித் மாணவிக்குத் திறந்திருந்தும் மூடியதே. சீனிவாசன் மணி அடித்ததும் ஓடினார். இன்று ஒரு பிள்ளை பேருந்தைப் பிடிக்க ஓடுகிறது. இருவரும் இழப்பது ஒன்றையே.

இன்னொரு கேள்வியைச் சட்டம் அறிந்தவர்களாக நாங்கள் சேர்ப்போம். ஒரே சேரியிலிருந்து வரும் இரு பிள்ளைகள் ஒரே மன்றத்தில் அமர்ந்திருக்கிறார்கள். ஒருவர் இந்து, மற்றவர் கத்தோலிக்கர். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களுக்கும், பின்னர் 1956இல் சீக்கியருக்கும், 1990இல் பௌத்தருக்கும் மட்டுமே பட்டியல் சாதித் தகுதியை அளித்தது. ஆகவே முதல் பிள்ளையைச் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். இரண்டாம் பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். வசை ஒன்று, காயம் ஒன்று, சட்டம் மட்டும் இரண்டு. இந்த அநீதியைத் தம் மாணவர் மன்றத்தில் விவாதிக்க அஞ்சும் கத்தோலிக்கப் பள்ளி, கார்டைன் பெயரைச் சொல்லும் தகுதியை இழக்கிறது.

திருச்சபை இதை அறியாததன்று. 2016ஆம் ஆண்டு இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டது பார்த்தலின் பகுதி. செயல்படும் பகுதி பள்ளியின் பதிவேட்டில் தெரிய வேண்டும். சிறுபான்மையினர் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமையை அரசமைப்பின் 30ஆம் பிரிவு காக்கிறது. அவ்வுரிமைக்காக நாமும் நிற்போம். ஆனால் தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவு அரசை மட்டுமன்றித் தனியாரையும் கட்டுப்படுத்துவது. எந்தப் பள்ளி வாயிலிலும் அது நின்றுவிடுவதில்லை.

சீருடைக்குள் இருக்கும் சாதி

2023ஆம் ஆண்டு ஆகத்து மாதம் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவருடைய தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர். அதன் பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024ஆம் ஆண்டு சூன் மாதம் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, அகர வரிசைப்படி இருக்கை முதலிய பரிந்துரைகளோடு, எல்லாச் சமூக மாணவர்களையும் கொண்ட சமூக நீதி மாணவர் படை ஒன்றை உருவாக்கவும் அக்குழு பரிந்துரைத்தது. பலர் கயிற்றைப் பற்றியே பேசினர். மாணவர் படை என்ற பரிந்துரை உரிய கவனம் பெறவில்லை.

தடைகள் கையிலிருக்கும் கயிற்றை அவிழ்க்கும். மனத்திலிருக்கும் கயிற்றை அவிழ்க்க, சேர்ந்து ஒரு காரியம் செய்யும் பழக்கம் வேண்டும். வெவ்வேறு தெருக்களின் பிள்ளைகள் ஒரே குறிப்பேட்டில் உண்மைகளை எழுதி, ஒரே தீர்மானத்தில் கையெழுத்திட்டு, ஒரே மனுவை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் முன்னால் நிற்கும்போதுதான் அது நிகழும். கார்டைன் கண்டறிந்த வடிவம் அதுவே. அதைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. கத்தோலிக்கப் பள்ளிகளின் கையில் ஏற்கெனவே இருக்கிறது.

எனவே நாம் கேட்பவை எளியவை. மன்றப் பொறுப்புகள் நியமனத்தால் அன்றித் தேர்தலாலும் சுழற்சியாலும் அமையட்டும். மன்றக் கூட்டங்கள் பள்ளி நேரத்துக்குள்ளேயே நடக்கட்டும். தூய்மைப் பணியும் மேடைப் பேச்சும் எல்லாருக்கும் முறைவைத்து வரட்டும். ஒவ்வொரு பருவத்திலும் மாணவர்கள் தம் பள்ளியைப் பற்றித் தாமே ஓர் ஆய்வு செய்து, பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் முன் வைக்கட்டும். அந்த ஆய்வின் முதல் கேள்வி சாதியைப் பற்றியதாக இருக்கட்டும்.

பேச்சுப் போட்டிக் கோப்பைகள் பள்ளியின் கண்ணாடி அலமாரியில் தங்கிவிடும். தன் தெருவுக்கு நேர்ந்ததைத் தானே பார்த்து, தானே எழுதி, தானே கேட்கத் துணிந்த பிள்ளை பள்ளியைவிட்டு வெளியே வரும்போது, அந்தத் துணிவும் ஊருக்குள் வருகிறது. இம்மூன்று கட்டளைகளையும் சொல்லித்தரும் ஒவ்வொரு பள்ளியும் தன் பிள்ளைகளுக்குத் தர வேண்டிய கடன் அதுவே.